அட்டைகளைக் கையில் எடுத்தவர்கள்: அபெசிடேரியன் திட்டத்தின் பணியாளர் அமைப்பு குறித்த நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், சேப்பல் ஹில் நகரப் பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் போர்ட்டர் கிரகாம் குழந்தை வளர்ச்சி மையத்தில் 1972ஆம் ஆண்டு தொடங்கிய அபெசிடேரியன் திட்டத்தை, மழலைப் பருவக் கல்வியைப் பற்றி எழுதுகிறவர்கள் ஏறக்குறைய அனைவரும் ஒரு முறையாவது எடுத்துக்காட்டுகின்றனர். எடுத்துக்காட்டும் முறை பெரும்பாலும் ஒன்றுதான். இத்தனை குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள், இன்ன விளையாட்டுகள் கற்பிக்கப்பட்டன, இருபத்தோரு வயதில் இவ்வளவு பேர் கல்லூரியில் இருந்தார்கள் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். குழந்தைகளுக்கும் முடிவுக்கும் நடுவில், ஐந்து ஆண்டுகள் நாள்தோறும் அக்குழந்தைகளைத் தூக்கி, ஊட்டி, உடை மாற்றி, அவர்களோடு பேசிக்கொண்டிருந்த பணியாளர்கள் இந்தச் சுருக்கத்தில் இடம்பெறுவதில்லை. அவர்களையே மையமாக வைத்து இந்தத் திட்டத்தைப் படித்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். அவ்வாறு படிக்கும்போது, திட்டத்தின் பெயரால் பிற்காலத்தில் பரவிய, குழந்தையோடு ஆடும் விளையாட்டுகளை விளக்கும் பாட அட்டைகளைக் காட்டிலும், அந்த அட்டைகளைப் பயன்படுத்தியவர்கள் எந்த நிலைமைகளில் பணியாற்றினார்கள் என்பதே பின்பற்றக் கடினமானதாகவும் பெரும்பாலும் விட்டுவிடப்பட்டதாகவும் தெரிகிறது.

மையம் உருவான பின்னணி

மையம் 1966இல் நிறுவப்பட்டது. வட கரோலினா பல்கலைக்கழகத்தின் தலைவராக 1930 முதல் 1949 வரை இருந்து, பின்னர் சிறிது காலம் அமெரிக்க மேலவை உறுப்பினராகவும் பணியாற்றிய ஃபிராங்க் போர்ட்டர் கிரகாமின் பெயர் அதற்கு இடப்பட்டது. நிறுவியவர்கள் ஹால்பர்ட் ராபின்சன், நான்சி ராபின்சன் என்ற உளவியலாளர் தம்பதியர். அறிவு வளர்ச்சிக் குறைபாட்டை ஆராய்ந்துவந்த அவர்கள், குறைபாடு தோன்றிய பிறகு அதற்குச் சிகிச்சை தேடுவதைவிட, வறுமையும் தூண்டலற்ற சூழலும் குழந்தையின் வளர்ச்சியைத் தடுக்காதபடி முன்கூட்டியே பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டனர். அந்தக் கேள்விக்கு நூலகத்திலோ சோதனைக்கூடத்திலோ விடை கிடைக்காது. குழந்தைகள் நாள் முழுவதும் இருக்கும் ஓர் இடம் வேண்டியிருந்தது. எனவே ஆராய்ச்சி நிறுவனமாகக் கருதப்பட்ட அம்மையம் முதல் நாளிலிருந்தே ஒரு குழந்தைக் காப்பகமாகவும் இயங்க வேண்டியதாயிற்று.

ஓர் ஆராய்ச்சி நிறுவனம் ஊழியரைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல் வேறு, ஒரு காப்பகம் தேர்ந்தெடுக்கும் அளவுகோல் வேறு. ஆய்வுக் கட்டுரை எழுதத் தெரிந்தவருக்கு அழுகிற ஆறு மாதக் குழந்தையை அமைதிப்படுத்தத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அமைதிப்படுத்தத் தெரிந்தவரிடம் பட்டம் இருக்க வேண்டியதில்லை. இரு வகையினரும் ஒரே கூரையின் கீழ், ஒரே நிதி ஆதாரத்தைச் சார்ந்து பணியாற்றும்போது, பல்கலைக்கழகத்தின் பதவி அடுக்கு முன்னவருக்கே சாதகமாக இருக்கும். ராபின்சன் தம்பதியர் 1969இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற பின், 1970இல் ஜேம்ஸ் காலகர் இயக்குநரானார். அபெசிடேரியன் திட்டம் அவருடைய காலத்தில், கிரெய்க் ராமேயின் தலைமையில் தொடங்கியது.

திட்டத்தின் அமைப்பு

1972க்கும் 1977க்கும் இடையில் பிறந்த, பிறவி நோய் எதுவுமில்லாத 111 குழந்தைகள் நான்கு தொகுதிகளாகச் சேர்க்கப்பட்டனர். தாயின் கல்வி, குடும்ப வருமானம், தந்தை உடன் இருக்கிறாரா என்பன போன்ற 13 காரணிகளைக் கொண்ட ஒரு மதிப்பெண் பட்டியலின்படி இடர்ப்பாடு மிகுந்தவை என்று கணிக்கப்பட்ட குடும்பங்களே தேர்வாயின. பெரும்பாலான தாய்மார்கள் இருபது வயதை ஒட்டியவர்கள். பள்ளிக் கல்வியை முடிக்காதவர்கள். ஏறத்தாழ அனைவரும் கறுப்பின மக்கள். குழந்தைகளில் 57 பேர் மையத்துக்கு வரும் குழுவிலும், 54 பேர் ஒப்பீட்டுக் குழுவிலும் சமவாய்ப்பு முறையில் பிரிக்கப்பட்டனர். ஒப்பீட்டுக் குழுவின் குடும்பங்களுக்கும் இரும்புச்சத்து சேர்த்த பால்மாவும், டயப்பர்களும், சமூகநல உதவியும் இலவசமாகத் தரப்பட்டன.

கடைசியாகச் சொன்ன செய்தி நம் நோக்கத்துக்கு முக்கியமானது. ஊட்டச்சத்தைப் பொறுத்த வேறுபாட்டைக் குறைப்பதற்காகவே பால்மாவு இரு குழுவுக்கும் கொடுக்கப்பட்டது. அதைக் கழித்துவிட்டால் மிஞ்சும் பெரிய வேறுபாடு, ஒரு குழுவின் குழந்தைகள் ஆண்டுக்கு ஐம்பது வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் வரை மையத்தின் பணியாளர்களோடு இருந்தார்கள் என்பதுதான். சராசரியாக நான்கு மாதத்தைச் சற்றுக் கடந்த வயதில் நுழைந்த குழந்தை, பள்ளிக்குப் போகும் ஐந்து வயது வரை அங்கேயே இருந்தது.

முடிவுகளைச் சுருக்கமாகச் சொல்லி நகரலாம். அவை எங்கும் கிடைக்கின்றன. மூன்று வயதில் அறிவுத்திறன் அளவீட்டில் இரு குழுவுக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தது. வயது கூடக்கூட அது சுருங்கியது, ஆனால் மறையவில்லை. 21 வயதில் நான்கு ஆண்டுக் கல்லூரியில் சேர்ந்திருந்தோர், மையத்துக்கு வந்தவர்களில் சுமார் 36 விழுக்காடு, ஒப்பீட்டுக் குழுவில் சுமார் 14 விழுக்காடு. 30 வயதில் கல்லூரிப் பட்டம் பெற்றவர்கள் முறையே 23 விழுக்காடும் 6 விழுக்காடும். முப்பதுகளின் நடுப்பகுதியில் எடுத்த உடல்நலப் பரிசோதனையில், குறிப்பாக ஆண்களிடம், இதயநோய்க்கு வழிவகுக்கும் காரணிகள் குறைவாக இருந்ததை 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது.

பத்து மணி நேரத்தின் கணக்கு

கைக்குழந்தைகள் பிரிவில் மூன்று குழந்தைகளுக்கு ஒரு பணியாளர் என்பது மையத்தின் விகிதம். குழந்தைகள் வளரவளர அது தளர்ந்து, பள்ளிக்குச் செல்லுமுன் ஆறு குழந்தைகளுக்கு ஒருவர் என்ற நிலையை எட்டியது. கட்டுரைகளில் இந்த விகிதம் ஒரு வரியில் சொல்லப்பட்டுவிடும். அதற்குப் பின்னால் இருக்கும் வேலைக் கணக்கை விரித்துப் பார்த்தால்தான் இந்த ஏற்பாட்டின் எடை விளங்கும்.

பன்னிரண்டு கைக்குழந்தைகள் இருக்கும் ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். மூவருக்கு ஒருவர் என்றால் எந்த நேரத்திலும் அறையில் நான்கு பேர் இருக்க வேண்டும். அறை வாரத்துக்கு ஐம்பது மணி நேரம் திறந்திருக்கும். எனவே குழந்தைகளோடு நேரடியாகக் கழியும் வேலை நேரம் மட்டும் வாரத்துக்கு இருநூறு மணி. வாரம் நாற்பது மணி நேரம் பணிபுரியும் ஒருவருக்கு உணவு இடைவேளை, பதிவேடு, பயிற்சி, கலந்தாலோசனை ஆகியவற்றுக்கு ஐந்து மணி ஒதுக்கினாலும், குழந்தைகளோடு செலவிட முப்பத்தைந்து மணிதான் மிஞ்சும். நான்கு பேர் நிற்க வேண்டிய இடத்துக்கு ஆறு பேர் தேவைப்படுகிறார்கள். யாராவது நோயுற்றால் ஏழாவது ஆளும் எங்கோ தயாராக இருக்க வேண்டும். விகிதத்தை விளம்பரப் பலகையில் எழுதிவிட்டு இந்த ஆறாவது, ஏழாவது ஆளை நியமிக்காமல் விடும் மையங்களில், காலை எட்டரை மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் இடையில் எப்போதோ ஒரு முறைதான் அந்த விகிதம் உண்மையாக இருக்கும் என்பது இத்துறையில் இருப்பவர்கள் அறிந்ததே.

இதே காலத்தைச் சேர்ந்த இன்னொரு புகழ்பெற்ற முயற்சியோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலான்டி நகரில், டேவிட் வைகார்ட் தலைமையில் 1962இல் தொடங்கிய பெரி மழலையர் பள்ளித் திட்டத்தில், குழந்தைகள் பள்ளி ஆண்டின் நாட்களில் காலையில் இரண்டரை மணி நேரம் மட்டுமே வகுப்பில் இருந்தார்கள். ஆசிரியர்கள் தகுதிச் சான்று பெற்ற பள்ளி ஆசிரியர்கள். பிற்பகலில் அவர்களே ஒவ்வொரு குழந்தையின் வீட்டுக்கும் வாரம் ஒரு முறை சென்று தாயோடும் குழந்தையோடும் ஒன்றரை மணி நேரம் செலவிட்டார்கள். அங்கே ஒரே ஆசிரியரின் நாளுக்குள் வகுப்பும் வீடும் அடங்கின. சேப்பல் ஹில்லில் அது இயலாத காரியம். நாள் முழுவதும் அறை திறந்திருந்ததால், பணியாளர்கள் ஒருவர்பின் ஒருவராக முறை மாற வேண்டியிருந்தது. ஒருவர் கவனித்ததை அடுத்து வருபவர் அறிந்திருந்தால் மட்டுமே குழந்தைக்கு அது ஒரே நாளாக இருக்கும். ஆகவே ஒப்படைப்பும் பதிவும் இங்கே பாடத்திட்டத்தின் பகுதியாகவே ஆகிவிட்டன.

யார் அந்தப் பணியாளர்கள்? அவர்களுடைய கல்வித் தகுதி ஒரே மாதிரியானதாக இல்லை. முதுநிலைப் பட்டம் பெற்றவர்களும் இருந்தார்கள். பட்டம் ஏதுமின்றி, குழந்தைகளோடு பழகும் திறமையை நேரில் காட்டியதால் சேர்க்கப்பட்டவர்களும் இருந்தார்கள். இந்தக் கலவையைத் திட்டத்தின் குறையாகக் கருதத் தோன்றலாம். நான் அப்படிக் கருதவில்லை. பட்டத்தை மட்டுமே வாயிலாக வைத்திருந்தால், கைக்குழந்தைப் பிரிவில் மிகத் தேவையான சிலர் உள்ளே வந்திருக்கவே முடியாது. பட்டம் இல்லாதவரை எடுத்துக்கொண்டு அப்படியே விட்டுவிடாமல், தொடர்ந்த பயிற்சியையும் வகுப்பறையிலேயே வந்து கவனித்து வழிகாட்டும் மேற்பார்வையையும் எல்லாருக்கும் பொதுவாக வைத்ததில்தான் மையம் வேறுபட்டது. பணியிலிருந்து விலகிச் செல்வோர் குறைவாக இருந்ததும், ஊதியம் அப்பகுதியின் பொதுப் பள்ளிகளோடு போட்டியிடக்கூடியதாக இருந்ததும் திட்டத்தைப் பற்றிய விவரிப்புகளில் மீண்டும் மீண்டும் குறிப்பிடப்படுகின்றன. ஐம்பது வார வேலைக்குப் பள்ளி ஊதியத்துக்கு நிகரான ஊதியம் என்பது, குழந்தைக் காப்பகப் பணியாளருக்கு அந்நாட்டில் அன்றும் இன்றும் வழக்கமான ஏற்பாடு ஆகாது.

விளையாட்டுகளும் அன்றாடப் பராமரிப்பும்

ஜோசப் ஸ்பார்லிங்கும் இசபெல் லூயிஸும் உருவாக்கிய ‘லேர்னிங் கேம்ஸ்’ என்ற விளையாட்டுத் தொகுப்பே திட்டத்தின் பாடத்திட்டமாக அறியப்படுகிறது. முதல் மூன்று வயதுக்கான தொகுதி 1979இல் நூலாகவும் வந்தது. ஒவ்வொரு விளையாட்டும் ஓர் அட்டையில் அடங்கிவிடும். பெரியவர் என்ன செய்ய வேண்டும், எதற்காக என்று எளிய சொற்களில் இருக்கும். பொருளைத் துணிக்கடியில் மறைத்துக் காட்டுவது, கண்ணாடியில் முகம் பார்த்துப் பெயர் சொல்வது போன்று, அக்கறையுள்ள எந்தப் பாட்டியும் செய்யக்கூடியவை அவற்றில் பல. அட்டையைப் படிக்க ஐந்து நிமிடம் போதும். எந்தக் குழந்தைக்கு எந்த அட்டை, எந்த வாரத்தில் என்று தீர்மானிப்பதே பணியாளரின் வேலை. அதற்கு, அக்குழந்தை போன வாரம் என்ன செய்தது என்பது தெரிந்திருக்க வேண்டும். பொதுவான நேர அட்டவணைப்படி எல்லாருக்கும் ஒரே பாடம் நடக்கவில்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாக விளையாட்டுகள் தேர்ந்தெடுக்கப்பட்டு மாற்றப்பட்டுவந்தன.

பிற்காலத்தில் ஸ்பார்லிங் இந்த அணுகுமுறையை விளக்கும்போது நான்கு கூறுகளைக் குறிப்பிட்டார்: கற்றல் விளையாட்டுகள், உரையாடலாக நிகழும் வாசிப்பு, மொழிக்கு முன்னுரிமை, செறிவூட்டிய பராமரிப்பு. நான்காவதை நான் மிகக் கவனமாகப் படிக்கிறேன். டயப்பர் மாற்றுவது, கை கழுவிவிடுவது, உணவூட்டுவது, உறங்கவைப்பது ஆகியவற்றைக் கல்வி நேரத்துக்கு வெளியே உள்ள வேலைகளாக ஒதுக்காமல், அவற்றையே பேசுவதற்கும் கற்பதற்கும் உரிய நேரமாக நடத்துவது அதன் பொருள். பத்து மணி நேரத்தில் ஒரு கைக்குழந்தை விழித்திருக்கும் பொழுதில் பெரும்பகுதி இவற்றில்தான் போகிறது. உடை மாற்றும்போது குழந்தையின் கண்ணைப் பார்த்து, இப்போது வலது கால், அடுத்து இடது கால் என்று சொல்லி, அது எழுப்பும் ஒலிக்கு மறுமொழி தந்து, அதன் பிறகு அடுத்த அசைவுக்குப் போவதற்கு இரண்டு நிமிடம் கூடுதலாகும். மூன்று குழந்தைகளைப் பார்க்கும் ஒருவருக்கு அந்த இரண்டு நிமிடம் இருக்கிறது. ஏழு குழந்தைகளைப் பார்ப்பவருக்கு அது இல்லை. எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் அது வந்துவிடாது. விகிதத்தையும் பாடத்திட்டத்தையும் இரண்டு தனி அம்சங்களாகப் பட்டியலிடும் அறிக்கைகள் இந்த இடத்தில்தான் தவறுகின்றன. இங்கே விகிதமே பாடத்திட்டம் நடைமுறையாவதற்கான நிபந்தனை.

அறைக்கு வெளியே இருந்தவர்களையும் இங்கே சேர்த்தே எண்ண வேண்டும். குழந்தைகளை வீட்டிலிருந்து அழைத்துவர வண்டி வசதி இருந்தது; உணவு மையத்திலேயே தயாரானது; குழந்தைநல மருத்துவர்களும் செவிலியர்களும் மையத்தோடு இணைந்திருந்தனர். நோயுற்ற குழந்தையை வீட்டுக்கு அனுப்பிவிடும் பொது வழக்கத்தை இம்மையம் பின்பற்றவில்லை. குழுவாக வளரும் குழந்தைகளிடையே சுவாசத் தொற்று எப்படிப் பரவுகிறது என்பதை ஃபிராங்க் லோடாவும் அவருடைய சக மருத்துவர்களும் அங்கேயே ஆராய்ந்துகொண்டிருந்தார்கள் என்பது அதற்கு ஒரு காரணம். ஆராய்ச்சிக்கு அது வசதி. வேலைக்குப் போகும் தாய்க்கும் அது பெரிய உதவி. சளியும் காய்ச்சலுமாக இருக்கும் குழந்தைகளை மற்றவர்களோடு சேர்த்துக் கவனித்த பணியாளர்களுக்கு அது கூடுதல் சுமை. மையத்திலேயே செவிலியர் இல்லாமல் இந்தக் கொள்கையை மட்டும் எடுத்துக்கொள்கிற இடத்தில், சுமை அனைத்தும் அறையில் நிற்பவரின் தலையில் விழும்.

சரிசெய்ய வேண்டியிருந்த ஒரு விளைவு

திட்டத்தின் முடிவுகள் எல்லாமே விரும்பியவை ஆகிவிடவில்லை. முதலில் பள்ளிக்குச் சென்ற தொகுதியினர், தொடக்கப் பள்ளியின் முதல் ஆண்டுகளில் மற்றக் குழந்தைகளைவிட அதிகமாக அடிதடியில் ஈடுபடுவதாகப் பள்ளி ஆசிரியர்கள் மதிப்பிட்டனர். மையத்தின் ஆய்வாளர் ரான் ஹாஸ்கின்ஸ் 1985இல் இதை வெளியிட்டார். குழந்தைகளை நாள் முழுவதும் காப்பகத்தில் விடுவதையே எதிர்ப்பவர்களுக்கு இது நல்ல ஆயுதமாகக் கிடைத்தது.

மையம் இதைக் கையாண்ட விதமே நம் கவனத்துக்கு உரியது. அறிவு வளர்ச்சியையும் மொழியையும் முன்வைத்து இயங்கிய அறைகளில், சேர்ந்து விளையாடுவது, பகிர்ந்துகொள்வது, சண்டையைப் பேசித் தீர்ப்பது ஆகியவற்றுக்கான ஒரு திட்டமிட்ட பயிற்சி பின்வந்த தொகுதிகளுக்குச் சேர்க்கப்பட்டது. அதன் பிறகு அந்த நடத்தை குறைந்ததை மையத்தின் ஆய்வாளர் நீல் ஃபின்கெல்ஸ்டைன் 1982லேயே எழுதியிருந்தார். இங்கே இரண்டு செய்திகள் உள்ளன. பள்ளியில் என்ன நடக்கிறது என்ற தகவல் மையத்தின் அறைக்குத் திரும்பிவரும் பாதை ஒன்று இருந்தது என்பது முதலாவது. அளவீட்டுப் பிரிவும் அறைப் பணியாளரும் ஒரே நிறுவனத்தில் இருந்ததன் உண்மையான ஆதாயம் இதுதான். இரண்டாவது, திருத்தத்தை நடைமுறைப்படுத்த அதே பணியாளர்கள் அங்கே இருந்தார்கள். முந்தைய தொகுதியை வளர்த்தவர்கள் அடுத்த தொகுதியிடம் தம் நடைமுறையை மாற்றிக்கொள்ள முடிந்தது. ஆண்டுதோறும் பாதிப்பேர் மாறும் மையத்தில் ஆய்வறிக்கை வரும்போது அதைப் படித்து நாணவோ திருத்தவோ பழைய ஆள் யாரும் இருப்பதில்லை.

அதே அட்டைகள், வேறு ஏற்பாடு

பணியாளர் அமைப்பின் பங்கை மதிப்பிட நமக்குக் கிடைக்கும் மிக நல்ல சான்று அபெசிடேரியன் திட்டத்துக்குள் இல்லை. அதன் அடுத்த திட்டத்தில் இருக்கிறது. அதே மையம் 1978இல் ‘கேர்’ என்ற பெயரில் ஓர் ஆய்வைத் தொடங்கியது. இம்முறை குடும்பங்கள் மூன்றாகப் பிரிக்கப்பட்டன. ஒரு குழுவின் குழந்தைகள் மையத்துக்கு வந்தார்கள். அவர்களுடைய வீடுகளுக்கும் பயிற்சி பெற்ற பணியாளர்கள் சென்றார்கள். இரண்டாவது குழுவுக்கு வீட்டு வருகை மட்டும். மூன்றாவது ஒப்பீட்டுக் குழு. இரண்டாவது குழுவின் தாய்மார்களிடமும் அதே விளையாட்டு அட்டைகள் கொடுக்கப்பட்டு, எப்படி விளையாடுவது என்று செய்தும் காட்டப்பட்டது.

1990இல் வெளிவந்த முடிவு எதிர்பார்ப்புக்கு மாறாக இருந்தது. மையத்துக்கு வந்த குழந்தைகளின் அறிவுத்திறன் அளவீடுகள் உயர்ந்தன. வீட்டு வருகை மட்டும் பெற்றவர்கள் ஒப்பீட்டுக் குழுவைவிட மேலே வரவில்லை. அட்டை ஒன்றே, அதை எழுதியவர்களும் அதே நபர்கள். மாறியது, அது யார் கையில், எத்தனை மணி நேரம், எந்த உதவியோடு இருந்தது என்பது. வறுமையில் தனியாகப் போராடும் ஓர் இளம் தாயிடம் அட்டையைக் கொடுப்பதும், மூன்று குழந்தைகளுக்கு ஒருவராக நியமிக்கப்பட்டு, மேற்பார்வையும் ஊதியமும் பெறும் பணியாளரிடம் கொடுப்பதும் ஒன்றாகாது. தாயின் அக்கறையைக் குறைசொல்லும் செய்தியாக இதைப் படிப்பது பெரும் பிழை. அவளுக்குக் கிடைக்காத நேரத்தையும் துணையையும் பற்றிய செய்தி இது.

ஆனாலும் இந்தச் சான்றை அது தாங்கும் அளவுக்கு மேல் சுமக்கவைக்கக் கூடாது. கேர் திட்டத்தில் இருந்தவை அறுபதுக்கும் சற்று மேற்பட்ட குடும்பங்கள் மட்டுமே. மூன்றாகப் பிரித்தபின் ஒவ்வொரு குழுவும் சிறியது. தவிர, மையக் குழுவுக்குக் கிடைத்தது பணியாளர் மட்டும் இல்லை. உணவு, மருத்துவம், சக குழந்தைகள், நீண்ட நேரம் எல்லாம் சேர்ந்தே கிடைத்தன. குறைந்த ஊதியம் பெற்று அடிக்கடி மாறும் பணியாளர்களைக் கொண்டு இதே பத்து மணி நேரத்தை நடத்திப் பார்க்கும் மூன்றாவது ஏற்பாட்டை எவரும் சமவாய்ப்பு முறையில் அமைக்கவில்லை. அறத்தின்படி அமைக்கவும் முடியாது. ஆகவே, பணியாளர் நிலைமைதான் விளைவுக்குக் காரணம் என்று இந்த இரு திட்டங்களையும் வைத்து நிறுவிவிட முடியாது. பாட அட்டைகள் மட்டும் போதுமானவையாக இருக்கவில்லை என்று சொல்ல முடியும்.

1985இல் தொடங்கிய இன்னொரு பெரிய முயற்சி இதற்கு ஒரு பக்கத்துணை. எட்டு நகரங்களில், எடை குறைவாகவும் குறைமாதத்திலும் பிறந்த 985 குழந்தைகளிடம் நடந்த குழந்தை நல வளர்ச்சித் திட்டம், அபெசிடேரியன் விளையாட்டுகளோடு அதன் பணியாளர் விகிதத்தையும் பெருமளவு எடுத்துக்கொண்டது. ஒரு வயது முதல் மூன்று வயது வரை மையத்தில் இருந்த குழந்தைகளிடம், பிறப்பு எடை ஓரளவு கூடுதலாக இருந்த பிரிவில், மூன்று வயதில் அறிவுத்திறன் அளவீட்டில் சுமார் 13 புள்ளி உயர்வு பதிவாயிற்று. மையத்துக்கு அதிக நாட்கள் வந்தவர்களிடம் பயனும் கூடுதலாக இருந்தது. மூன்று வயதோடு திட்டம் நின்றது. பின்னர் இடைவெளி பெரிதும் சுருங்கியது. ஒரு நகரத்தின் ஒரு மையத்தில் மட்டுமே இயலும் ஒன்று என்ற ஐயத்தை இது ஓரளவு நீக்குகிறது: விகிதத்தையும் சேர்த்து எடுத்துச் சென்ற இடத்தில் தொடக்க விளைவும் கூடவே வந்தது.

ஊதியமும் நிலைத்திருத்தலும்

இதே காலத்தில் சாதாரண காப்பகங்களின் நிலை எப்படி இருந்தது என்பதை மார்சி வைட்புக், கரோலி ஹோஸ், டெபோரா பிலிப்ஸ் மூவரும் 1989இல் வெளியிட்ட தேசியக் குழந்தைக் காப்பகப் பணியாளர் ஆய்வு காட்டுகிறது. அட்லாண்டா, பாஸ்டன், டெட்ராய்ட், ஃபீனிக்ஸ், சியாட்டில் ஆகிய நகரப் பகுதிகளின் 227 மையங்களில் எடுக்கப்பட்ட அந்த ஆய்வில், சராசரி ஊதியம் மணிக்கு 5.35 டாலர், ஓராண்டில் வேலையை விட்டுச் சென்றோர் 41 விழுக்காடு. பணியிடச் சூழலின் கூறுகளில் தரத்தை மிக நன்றாக முன்னறிவித்தது ஊதியமே என்பது அதன் முதன்மையான கண்டுபிடிப்பு. குழந்தையின் கண்ணோட்டத்தில் 41 விழுக்காடு என்பது, இரண்டரை வயதுக்குள் தன்னை அறிந்த ஒருவரையேனும் இழந்திருப்பது ஏறக்குறைய உறுதி என்பதாகும்.

பல்கலைக்கழக மையங்களுக்கு இதில் தனியான ஒரு சிக்கல் உண்டு. உதவிப் பணியாளராகப் பகுதி நேரம் வரும் மாணவர்கள் அங்கே எளிதில் கிடைக்கிறார்கள். அவர்களுக்குப் பயிற்சி கிடைக்கிறது, மையத்துக்கு விகிதம் நிரம்புகிறது, செலவும் குறைகிறது. பருவத்தேர்வு வந்ததும் அவர்கள் போய்விடுவார்கள். அடுத்த பருவத்தில் வேறு முகங்கள். புதியவரைப் பழக்கும் வேலை ஒவ்வொரு முறையும் நிரந்தர ஆசிரியர் மீதே விழுகிறது. ஆனால் அந்த ஆசிரியர் பேராசிரியர் வரிசையில் சேர்க்கப்படாததால், அவர் மாணவர்களுக்குக் கற்பித்தது கற்பித்தலாக எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. மாணவர்களை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆசிரியப் பயிற்சிக்கு இத்தகைய மையங்களைவிடச் சிறந்த இடம் அரிது. விகிதத்தைக் கணக்கிடும்போது அவர்களைச் சேர்க்காமல், கூடுதல் கைகளாக மட்டும் வைத்துக்கொள்ளும் மையத்தில் பருவத்தேர்வு குழந்தைக்கு இடி ஆகாது.

சேப்பல் ஹில் வட்டாரத்தின் பிற்காலப் பணிகளில் இரண்டு, பணியாளரை மறக்காதவை. தெல்மா ஹார்ம்ஸும் ரிச்சர்ட் கிளிஃபோர்டும் 1980இல் வெளியிட்ட மழலையர் சூழல் மதிப்பீட்டு அளவுகோல், பின்னர் பல நாடுகளில் பயன்பாட்டுக்கு வந்தது. 37 கூறுகளைக் கொண்ட அந்தப் பட்டியலின் ஏழு பகுதிகளில் கடைசிப் பகுதி பெரியவர்களின் தேவைகளுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. பணியாளருக்கென்று அமர ஓர் இடம் உண்டா, அவர்களுக்கு வளர வாய்ப்பு உண்டா என்பது குழந்தைகளின் பொம்மை அலமாரியோடு சேர்த்து மதிப்பிடப்பட்டது. ஹார்ம்ஸ் சேப்பல் ஹில்லுக்கு வருமுன் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகக் குழந்தை ஆய்வு மையத்தில் நீண்ட காலம் தலைமை ஆசிரியராக அறையில் நின்றவர் என்பது அந்தக் கடைசிப் பகுதியைப் படிக்கும்போது நினைவுக்கு வருகிறது.

மற்றொன்று அதே வட்டாரத்தில் 1990இல் தொடங்கிய ‘டீச்’ உதவித்தொகைத் திட்டம். மையத்துக்கு வெளியே, குழந்தைக் காப்பகச் சேவை அமைப்பு ஒன்றிலிருந்து சூ ரசல் அதை முன்னெடுத்தார். பணியில் இருக்கும் காப்பக ஊழியருக்குக் கல்லூரிப் படிப்புச் செலவில் பெரும்பகுதியைத் தருவதோடு, படிப்பை முடித்ததும் ஊதிய உயர்வோ ஊக்கத்தொகையோ தரப்பட வேண்டும், அவரும் குறிப்பிட்ட காலம் அதே மையத்தில் தொடர வேண்டும் என்று இரு தரப்பையும் அது கட்டுப்படுத்தியது. படிப்பு, ஊதியம், நிலைத்திருத்தல் ஆகிய மூன்றையும் ஒரே ஒப்பந்தத்தில் பிணைத்த அந்த ஏற்பாடு பின்னர் வேறு பல மாநிலங்களுக்கும் சென்றது. அபெசிடேரியன் மாதிரியைப் பின்பற்ற விரும்பும் பல்கலைக்கழகம் ஒன்று விளையாட்டு அட்டைகளை வாங்குவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை இவை: காலை முதல் மாலை வரை விகிதம் உண்மையாக நிற்கிறதா, ஆறாவது ஆளுக்கு ஊதியம் எந்தக் கணக்கிலிருந்து வரும், கைக்குழந்தையாகச் சேர்ந்த ஒரு குழந்தை ஐந்து வயதில் வெளியேறும்போது, அதன் முதல் ஆண்டில் அதைத் தூக்கியவர்களில் எத்தனை பேர் இன்னும் அங்கே பணியில் இருக்கிறார்கள். கடைசிக் கேள்விக்கான எண்ணை எந்த மையமும் தன் பணியாளர் பதிவேட்டிலிருந்து ஒரே பிற்பகலில் எடுத்துவிடலாம்.